இரைச்சல் நீக்கிய பாடம்

சின்னவளுக்குப் பரீட்சை மத்தியானம் இரண்டு மணிக்கு. பதற்றம் மட்டும் விடியும் முன்பே எழுந்து, பல் துலக்கி, வீட்டின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

போன தடவை இதே உடலியல் தேர்வில் அவள் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்ததை வீட்டில் யாரும் மறக்கவில்லை. அப்பா இறந்துபோன அதே மாதத்தில் வந்த தேர்வு. நுரையீரலைப் பற்றிய கேள்வியைப் பார்த்தாள், பேனாவை மூடினாள், எழுந்து வந்துவிட்டாள். இன்றைக்கு மறுதேர்வு. இதிலும் தவறினால் பிசியோதெரபி படிப்பில் ஒரு வருஷம் பின்னால் போக வேண்டும்.

"பின்னாலயும் போக மாட்டேன், முன்னாலயும் போக மாட்டேன். இதுல போச்சுன்னா படிப்பே வேண்டாம்மா. உன்கூட கடைக்கு வந்து பேன்ட்டுக்கு மடிப்பு தைக்கறேன்" என்று போன வாரம் அவள் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. துணிக்கடையின் பின்கட்டில் இருபது வருஷமாக மடிப்பு தைக்கிறவள் அம்மா. மகளும் அங்கே வந்து உட்காருவதற்காக அவள் தைக்கவில்லை.

சின்னவள் சொன்னால் செய்கிற பெண். அதுதான் பயம்.

இந்த இடத்தில்தான் பெரியவன் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினான். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினான். இருபத்தைந்து நிமிஷம் படி, ஐந்து நிமிஷம் எழுந்து நட. தண்ணீர் குடி. முக்கியமான வரிக்கு மட்டும் மஞ்சள் அடி. நேரத்தோடு தூங்கு. பரீட்சைக்கு முந்தின நாள் போன் கிடையாது. நாலு இடத்தில் படித்துத் திரட்டிய ஞானம். கல்லூரிக்கு இரண்டாம் வருஷத்தோடு முழுக்குப் போட்டவன் தங்கைக்குப் படிக்கும் முறை சொல்லித் தருகிறான் என்று வேறொரு காலமாக இருந்தால் வீடே சிரித்திருக்கும். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

சின்னவள் அட்டவணைக்குக் கட்டுப்பட்டாள். படித்தாள், நடந்தாள், தண்ணீர் குடித்தாள். மஞ்சளும் அடித்தாள். அடித்துப் பார்த்தால் பக்கம் முழுக்க மஞ்சளாக இருந்தது. மூன்று முறை படித்த பக்கத்தை மூடிவிட்டு அவன் ஒரு கேள்வி கேட்டால், யாரோ வெளியாளைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

ஒன்றே ஒன்றைத்தான் அவள் விடாமல் செய்தாள். போன வருஷம் பாடங்களைத் தானே வாய்விட்டுச் சொல்லிப் போனில் பதிந்து வைத்திருந்தாள். அதைக் காதில் மாட்டிக்கொண்டே பஸ்ஸில் போனாள், துணி காயப்போட்டாள், கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

ஒரு நாள் பெரியவன் அதில் ஒன்றை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தான். ஆரம்பத்திலேயே 'ங்ர்ர்' என்று ஒரு உறுமல். அப்பாவின் ஆக்சிஜன் மெஷின். அதற்கு மேல் மின்விசிறி, பாத்திரச் சத்தம், பக்கத்து வீட்டுக் குழாய். பத்து நொடியில் எடுத்துவிட்டான். இந்த இரைச்சலில் எந்தப் பாடம் தலையில் ஏறும்? அதுவும் அந்த மெஷின் சத்தத்தைத் தினமும் கேட்டால் பிள்ளைக்கு மனசு எப்படித் தேறும்?

அவன் பிழைப்பே அதுதான். ஸ்டுடியோவில் ஒலித் திருத்துநர். ஊரில் யார் எந்த மேடையில் பேசினாலும் அதிலிருந்து இருமலையும் நாற்காலி இழுக்கும் சத்தத்தையும் எடுத்துவிட்டுப் பேச்சை மட்டும் பளிச்சென்று தருகிறவன். தங்கைக்கு அட்டவணை எழுதுவதைவிட இது அவன் கைவந்த வேலை.

நேற்றுக் காலை, "பரீட்சைக்கு முந்தின நாள் போன் கிடையாது" என்று அட்டவணையைக் காட்டி அவள் போனை வாங்கிக்கொண்டான்.

"அண்ணா, அதுலதான் பாடம் இருக்கு."

"தெரியும். நான் பாத்துக்கறேன்."

வழக்கத்தைவிட ஒரு நொடி அதிகமாகவே அவள் போனை விடாமல் பிடித்திருந்தாள். அவன் அதைக் கவனித்தான். கவனித்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போன் என்றால் உயிர் என்று நினைத்துக்கொண்டான்.

இன்றைக்குக் காலையில் டீயும் பிரெட்டும் வைத்திருந்த மேஜையில், தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் போனை வைத்தான்.

"கேட்டுப் பாரு. எல்லாப் பாடத்தையும் சுத்தம் பண்ணிட்டேன். உன் குரலைத் தவிர ஒரு தூசி இருக்காது."

சின்னவள் காதில் மாட்டினாள். பெரியவன் டீயை ஊதிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். பாராட்டுக்குக் காத்திருக்கிற முகத்தை மறைக்க அவனுக்கு எப்போதுமே தெரியாது.

அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். நெற்றியைச் சுருக்கினாள். இன்னொரு பாடத்தைப் போட்டாள். நடுவில் தள்ளினாள். மறுபடி வேறொன்று. விரல் வேகமாகப் போயிற்று. பிறகு ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்தாள்.

"அண்ணா, இதுல அப்பா எங்க?"

"அப்பாவா? எதுல?"

"இதுல." போனைத் தொட்டாள். "எல்லாத்துலயும் இருந்தாரே."

பெரியவனுக்குக் கையில் இருந்த டீ சுடுவது தெரியவில்லை.

"நீ மட்டும்தான பேசியிருந்த..."

"நான் பாடம் சொல்லுவேன். அப்பா கேள்வி கேப்பாரு. அதுதான் படிக்கறதே. புஸ்தகத்தை மூடிட்டு அவருக்குப் புரியற மாதிரி சொல்லணும். புரியலன்னா விட மாட்டாரு. அது நின்னு போச்சுன்னா என்ன ஆகும், இது கழண்டுக்கிச்சுன்னா என்ன ஆகும்னு, என்னமோ லிஃப்ட்டைப் பிரிக்கற மாதிரி கேப்பாரு. மூணு நாள் கழிச்சு மறந்துட்டேன்னு சொல்லி மறுபடி முதல்லேர்ந்து சொல்லச் சொல்லுவாரு. மறந்திருக்காது. சும்மா சொல்லுவாரு."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டிடங்களை ஏற்றி இறக்கியவர். நுரையீரல் கெட்டு, கடைசி வருஷம் முழுக்க ஹாலின் மூலையில் நாற்காலியும் மெஷினுமாக இருந்தவர். அம்மா கடை முடிந்து வருவதற்குள், பெரியவன் ஸ்டுடியோ முடிந்து வருவதற்குள், அந்த மூலையில் தினமும் ஒரு வகுப்பு நடந்திருக்கிறது. இந்த வீட்டில் இரண்டு பேருக்கு அது தெரியவே தெரியாது.

அம்மா ஈரக்கையோடு சமையலறை வாசலில் நின்றாள். "அவர் குரல் இருந்துச்சா? எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"கேட்டா நீ தாங்க மாட்டம்மா. அதான்."

"நான் தாங்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்ல வந்தது கோபமாக வரவில்லை.

சின்னவள் அண்ணனிடம் திரும்பினாள். "ஒரிஜினல் இருக்கும்ல? நீதான சொல்லுவ, நகல் எடுக்காம எதுலயும் கை வைக்கக் கூடாதுன்னு."

பெரியவன் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டுடியோ சுவரில் அதை எழுதி ஒட்டியவனே அவன்தான். முதலில் நகல், பிறகு வேலை. முன்பின் தெரியாதவன் கல்யாணத்துக்கெல்லாம் நகல் எடுத்தவன், தங்கையின் போனில் இடம் இல்லை என்பதற்காக, அவள் குழம்பக் கூடாது என்பதற்காக, அதே பெயரில், அதே இடத்தில், பழையதன் மேலேயே புதியதை எழுதியிருந்தான். வீட்டு விஷயம்தானே என்ற அலட்சியம். அன்னியர் பொருளுக்கு இருக்கிற மரியாதை நம் வீட்டுப் பொருளுக்கு நம்மிடம் கிடைப்பதில்லை.

"சின்னு..."

"சரிண்ணா" என்றாள் அவள். சத்தம் போடவில்லை, அழவில்லை. போனை மேஜையிலேயே விட்டுவிட்டு அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

அம்மா கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது.

"நான் போகலம்மா."

ஸ்டுடியோவுக்குப் பெரியவன் எப்படிப் போனான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. வழியில் ஒரு சிக்னலில் பின்னாலிருந்து யாரோ திட்டியது மட்டும் ஞாபகம் இருந்தது.

கம்ப்யூட்டரை உசுப்பினான். நேற்று மதியம் போனிலிருந்து இழுத்த ஃபைல்கள் இருந்த ஃபோல்டர் காலியாக இருந்தது. வேலை முடிந்ததும் இடத்தைக் காலி பண்ணிவிட்டுப் போவது அங்கே பழக்கம். நல்ல பழக்கம் என்று பெயர் வாங்கியவனும் அவனே. குப்பைத் தொட்டியையும் துடைத்துவிட்டுத்தான் போயிருந்தான்.

அழிந்ததை மீட்கும் மென்பொருளைப் போட்டான். அது மெதுவாகத் தேடியது. யார் யாருடையவோ பேச்சுகள் பாதி பாதியாக வந்தன. ஒரு பள்ளி ஆண்டு விழா வந்தது. ஒரு பற்பசை விளம்பரம் வந்தது. அப்பா வரவில்லை.

ஸ்டுடியோ முதலாளி உள்ளே வந்து, அவன் முகத்தைப் பார்த்து, என்ன என்று கேட்டார். சொன்னான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்த செட்டிங் வெச்ச?"

"முதன்மைக் குரல் மட்டும்."

"ம்." அவர் திரையைப் பார்த்தார். "போன் பொண்ணு பக்கத்துல இருந்திருக்கும். அப்பா தள்ளி உக்காந்திருப்பாரு. மெஷின் சத்தத்துக்கு அடியில அவர் குரல் மெலிசா இருந்திருக்கும். அது அவரையும் இரைச்சல்னு எடுத்துக்கிச்சு."

"நான் கேட்டுப் பாத்திருக்கணும் சார். ஒரு ஃபைலையாவது முழுசா கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்தான்" என்றார் அவர். ஆறுதலுக்காகப் பொய் சொல்லும் மனுஷர் இல்லை. "மேல எழுதிட்டா போனது போனதுதான் தம்பி."

அவர் போன பிறகு பெரியவன் மேஜையில் தலையைக் கவிழ்த்தான். அப்பாவின் போட்டோ வீட்டில் எத்தனையோ இருக்கிறது. லிஃப்ட் குழிக்குள் நின்று சிரிக்கிற போட்டோகூட இருக்கிறது. குரல் மட்டும் இல்லை. போனில் குரல் அனுப்புகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "வரேன்", "வாங்கிட்டேன்" என்று ஒற்றை வார்த்தையைத் தட்டச்சு செய்து அனுப்புவார். ஊரார் குரலையெல்லாம் கழுவித் துடைத்துக் கொடுத்த மகன், அப்பா குரலை ஒரு முறைகூடப் பதிந்து வைக்கவில்லை. எப்படிப் பதிவான்? படிப்பை விட்டுவிட்டு வந்த அன்றிலிருந்து அப்பாவும் அவனும் அளந்துதான் பேசிக்கொண்டார்கள். சாப்பிட்டியா, ஆச்சு. மருந்து எடுத்தீங்களா, ஆச்சு. அவ்வளவுதான்.

அம்மா போனில் கூப்பிட்டாள். "கதவைத் தொறக்கலடா. மணி பதினொண்ணாகப் போகுது."

"ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல. நானும் வாசல்லயே உக்காந்துட்டேன். கடைக்கு லீவு சொல்லிட்டேன்." பிறகு தயங்கினாள். "கிடைச்சுதாடா?"

"தேடறேம்மா."

"தேடு" என்றாள் அம்மா. அந்த ஒரு சொல்லில் மகளின் பரீட்சை மட்டும் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு ஃபைலை வைத்துச் சோதித்துப் பார்த்தான் அல்லவா? எப்போதும் இருப்பதிலேயே மோசமான ஃபைலைத்தான் சோதனைக்கு எடுப்பான். அதில் சரியாக வந்தால் மற்றதில் தானாக வரும். உறுமல் சத்தம் அதிகமாக இருந்த ஒன்றை எடுத்தான். மென்பொருள் எதை நீக்குகிறது என்று பார்க்க, 'நீக்கியது மட்டும்' என்ற பொத்தானை அழுத்தினான். மெஷின் சத்தம் தனியாக 'ங்ர்ர்' என்று வந்தது. சரியாகத்தான் பிடிக்கிறது என்று பத்து நொடியில் நிறுத்திவிட்டு மொத்தத்தையும் ஓடவிட்டான்.

அவன் கேட்டது பத்து நொடி என்றாலும், அந்தச் சோதனைக்காக மென்பொருள் முழு நீளத்துக்கும் ஒரு தற்காலிக ஃபைல் எழுதியிருக்கும். அதை யாரும் துடைப்பதில்லை. அது இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

தேடினான். இருந்தது. வாயில் நுழையாத ஒரு பெயரில், ஒரே ஒரு ஃபைல்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டான். மெஷின் உறுமியது. எங்கேயோ பாத்திரம் விழுந்தது. சின்னவளின் குரல் அறவே இல்லை. மென்பொருள் நீக்காமல் விட்டது அவள் குரலை மட்டும்தான், அதனால் இதில் அது இல்லை. வெறும் உறுமல் நீண்டுகொண்டே போயிற்று. பிறகு, தூரத்திலிருந்து, மூச்சுக்கு நடுவில் சொல்லைப் பொறுக்கியெடுத்து வைக்கிற அந்தக் குரல்.

"புரியல. மறுபடி சொல்லு."

பெரியவன் அழுதான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளி முதுகைத் திருப்பிக்கொண்டார்.

முழுதும் கேட்க நேரம் இல்லை. இந்த முறை முதலில் நகல் எடுத்தான். ஒன்றல்ல, மூன்று இடத்தில் எடுத்தான். பிறகு கிளம்பினான்.

வீட்டில் அம்மா அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் ஹாலின் மூலையில் அப்பாவின் நாற்காலி மேல் ஸ்பீக்கரை வைத்தான். மெஷின் இருந்த இடத்தில் தரையில் சதுரமாக ஒரு தடம் இருந்தது. வாடகை மெஷின், அப்பா போன மறு வாரமே வந்து எடுத்துப் போய்விட்டார்கள்.

ஓடவிட்டான்.

உறுமல் வீடு முழுக்கப் பரவியது. அந்தச் சத்தம் நின்றதிலிருந்து இந்த வீட்டுக்குத் தன் அமைதியே பழகாமல் இருந்தது. அம்மா சட்டென்று மூலையைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலிதான் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"புரியல. மறுபடி சொல்லு" என்றார் அப்பா.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விலகியது. சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுதான் கிடைச்சது" என்றான் பெரியவன். "உன் குரல் இதுல இல்ல. அப்பா மட்டும்தான் இருக்காரு."

அவள் நாற்காலிக்கு எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அது அவளுடைய பழைய இடமாக இருக்க வேண்டும், பார்க்காமலே உட்கார்ந்தாள்.

உறுமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் உதடு மெல்ல அசைந்தது. "மூச்சை உள்ள இழுக்கறப்ப உதரவிதானம் கீழ இறங்கும்பா. நெஞ்சுக்குள்ள இடம் பெருசாகும். காத்து தானா உள்ள வரும்."

"அப்ப அதுதான் மோட்டார்" என்றார் அப்பா.

"ஆமாம்பா. இழுக்கறதுக்குத்தான் தசை வேலை செய்யணும். விடறதுக்கு வேலையே இல்ல. நுரையீரல் ரப்பர் மாதிரி, தானா சுருங்கிக்கும்."

"விடறதுக்கு மோட்டார் கிடையாது. ஸ்பிரிங்தான். அப்படித்தான?"

"அப்படித்தான்."

பெரியவன் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தான். அவள் குரல் போன அந்த வெற்றிடங்கள் ஒவ்வொன்றும் அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தன. சில இடத்தில் அவள் முடிப்பதற்குள் அப்பா அடுத்ததற்குப் போய்விட்டார். அவள் வேகத்தைக் கூட்டினாள். ஒரு இடத்தில் அப்பா கல்லீரலையும் மண்ணீரலையும் வழக்கம்போலக் குழப்பினார். "ஐயோ அப்பா" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். போன வாரம் முழுக்க மஞ்சள் அடித்தும் வாயில் வராதது எல்லாம் இப்போது வரிசையாக வந்தது. அவனுடைய அட்டவணை குளிர்பதனப் பெட்டிக் கதவில் பேசாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

உறுமல் கொஞ்சம் நீண்டது. அப்பா இருமினார். பிறகு கேட்டார்.

"அந்த ஸ்பிரிங் தளந்து போச்சுன்னா?"

சின்னவளின் வாய் அடைத்துக்கொண்டது.

அந்த வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் அந்தப் பதில் தெரியும். அதைத்தான் ஒரு வருஷம் கண் முன்னால் பார்த்தார்கள். போன பரீட்சையில் அவள் பேனாவை மூடியதும் இந்தக் கேள்விக்குத்தான்.

வெறும் உறுமல் மட்டும் ஓடியது. நீளமாக ஓடியது.

"அழாத" என்றார் அப்பா, ஸ்பீக்கரிலிருந்து. "பரீட்சையில அழுதா மார்க் போடுவாங்களா? சொல்லு. எனக்குத் தெரியணும்." அன்றைக்கும் அவள் பதில் சொல்லாமல் அழுதிருக்கிறாள் என்று அப்போதுதான் பெரியவனுக்குப் புரிந்தது.

அம்மா தரையில் நகர்ந்து வந்து மகளின் முதுகில் கை வைத்தாள். தாங்க மாட்டாள் என்று மகள் முடிவு கட்டிய அம்மா.

"சொல்லுடி. கேக்கறாருல்ல."

சின்னவள் கண்ணைத் துடைக்காமலே சொன்னாள். "காத்துப் பைகளோட சுவர் கெட்டுப் போச்சுன்னா, சுருங்கற சக்தி போயிடும்பா. உள்ள போன காத்து வெளிய வராது. பழைய காத்து உள்ளயே தங்கிடும். புதுக் காத்துக்கு இடம் இருக்காது. இழுக்க முடியலன்னு தோணும். ஆனா உண்மையில விட முடியாததுதான்..." குரல் உடைந்தது. மறுபடி பிடித்தாள். "விட முடியாததுதான் கஷ்டம்."

"அவ்வளவுதான" என்றார் அப்பா. "இதை எழுத என்ன பயம்."

அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெரியவன் நிறுத்தினான். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் மணியும் ஓடிக்கொண்டிருந்தது.

சிறிது நேரம் கழித்து அவளே எழுந்து முகம் கழுவினாள். ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அண்ணனைப் பார்க்காமல் சொன்னாள்.

"உன்மேல கோபம் போகல."

"போக வேண்டாம். வா, ஏறு."

பரீட்சை நடந்த கட்டிடத்துக்கு எதிரில் ஒரு மரமும் அதன் கீழே சிமென்ட் திட்டும் இருந்தன. பெற்றோர், கூட வந்தவர், வண்டிக்குக் காவல் இருப்பவர் என்று ஆளுக்கொரு நிழல் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவனும் ஒரு மூலையில் உட்கார்ந்தான். முதல் ஒரு மணி நேரம் வாசலைவிட்டுக் கண் எடுக்கவில்லை. போன தடவைபோல நடுவிலேயே எழுந்து வந்துவிடுவாளோ என்ற பயம். வரவில்லை.

அப்புறம்தான் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினான். விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டான்.

"இதை எழுத என்ன பயம்."

உறுமல். நாற்காலி கிறீச்சிட்டது. சின்னவள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அப்பா லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கடைசியில் இருமலாக முடிந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம். டம்ளர் தரையில் வைக்கப்பட்டது.

வகுப்பு முடிந்துவிட்டது. போனை நிறுத்த மறந்திருக்கிறாள். பெரியவன் சும்மா மெஷின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான். அதை நீக்கத்தான் இத்தனையும் செய்தான். இப்போது அது நின்றுவிடக் கூடாதே என்று இருந்தது.

"பெரியவன் வந்துட்டானா?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு வெற்றிடம். வெறும் உறுமல். சின்னவள் அங்கே ஏதோ பதில் சொல்லியிருக்கிறாள். ஒரு சொல் இல்லை, நிறையவே சொல்லியிருக்கிறாள். அவ்வளவு நீளமான வெற்றிடம்.

"அப்படியா சொன்னான்" என்றார் அப்பா.

மறுபடி வெற்றிடம்.

"சரி. வந்தா என்னை எழுப்பு. தூங்கிட்டாலும் எழுப்பு. அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

அத்தோடு ஃபைல் முடிந்தது.

பெரியவன் பின்னால் தள்ளிக் கேட்டான். மறுபடி கேட்டான். எந்த நாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மெஷின் சத்தம் அத்தனை அதிகமாக இருந்தது அப்பா கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாட்களில்தான். அவற்றில் ஒரு நாள்தான் அவன் தாமதமாக வந்தான். கதவைத் திறந்த சின்னவள், "அப்பா தூங்கிட்டாருண்ணா" என்றாள். எழுப்பட்டுமா என்று கேட்டாளா? கேட்டிருப்பாள். வேண்டாம் என்று சொல்லியிருப்பான். அளந்து பேச வேண்டிய இரண்டு வார்த்தையும் மிச்சம் என்று, உள்ளுக்குள் ஒரு நிம்மதியோடு அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

அப்படியா சொன்னான்? என்ன சொன்னான்? தங்கையிடம் தன்னைப் பற்றி, அப்பாவைப் பற்றி, எந்த நேரத்தில் எந்த வாயால் என்ன சொல்லித் தொலைத்தான்? பதில் அந்த வெற்றிடத்தில்தான் இருந்தது. ஒரு தூசி விடாமல் அவனே பிரித்தெடுத்த வெற்றிடம், அதில் இருந்த குரல் வீட்டு மேஜையில் கிடக்கிற போனில்.

மணி அடித்தது. கேட் திறந்தது. பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். எப்படி எழுதின, எப்படி எழுதின என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டு எழுந்து ஓடினார்கள்.

சின்னவள் கடைசியாக வந்தாள். கையில் பேனா மூடாமல் இருந்தது. விரலெல்லாம் மை. கூட்டத்துக்கு நடுவில் நின்று அண்ணனைத் தேடினாள், கண்டுபிடித்தாள், சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்தாள்.

பெரியவன் எழுந்து நின்றான். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. அவளிடம் கேட்க அவனிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. முதலில் கேட்க வேண்டியது எது என்று அவனுக்குத் தெரியும். வாயில் வந்து நின்றது மற்றதுதான்.